உயர்தரம் முடிந்தது, கெம்பஸ் இன்னும் திறக்கவில்லை

மாத்தளை மாவட்டத்தில், கலேவெலைக்கு அண்மையில் இருக்கும் வஹகோட்டையை வெளியூரார் புனித அந்தோனியார் திருத்தலத்தை வைத்தே அறிவார்கள். ஜூன் 13 அவருடைய திருநாள். அந்த நாட்களில் அங்கே மெழுகுதிரி ஏற்றி நேர்த்தி வைப்பவர்களுக்குள், உயர்தரம் எழுதிய பிள்ளை வீட்டில் சும்மா இருக்கிறதே என்று கவலைப்படும் அம்மாமாரும் இருப்பார்கள். பல்கலைக்கழகம் தொடங்கும்வரை பிள்ளை படிக்கவேண்டுமா, விட்டுவிடலாமா?

மேலைநாடுகளில் இது கோடை விடுமுறைக் கேள்வி, இரண்டு மூன்று மாத விஷயம். இங்கே கணக்கு வேறு. 2024 உயர்தரப் பரீட்சை நவம்பர் 25 இல் தொடங்கி, வெள்ளத்தால் இடையில் நிறுத்தப்பட்டு, டிசம்பர் கடைசி வரை இழுபட்டது. பெறுபேறு 2025 ஏப்ரல் 26 இல் வந்தது. அதன்பின் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு விண்ணப்பம், பிறகு வெட்டுப்புள்ளி, பிறகு பதிவு. கடைசிப் பேப்பருக்கும் முதல் விரிவுரைக்கும் நடுவில் ஒரு வருடம் போவது சாதாரணம். இவ்வளவு நீண்ட காலத்துக்கு ஒரே பதில் சொல்ல முடியாது.

பெறுபேறு வரும்வரையான முதல் சில மாதங்களில் உண்மையான கேள்வி கெம்பஸ் பற்றியதல்ல, இரண்டாம் தடவை பற்றியது. தகுதி பெறுகிறவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கே அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கிறது. மூன்று தடவைதான் எழுதலாம். 2025 ஏப்ரல் கடைசியில் பெறுபேறு பார்த்தவருக்கு அடுத்த பரீட்சை நவம்பர் 10 இல் ஆரம்பம். கையில் ஆறரை மாதம். அதுவரை புத்தகத்தையே தொடாதிருந்தவருக்கு அது போதாது. அதற்காக மூன்று பாடத்தையும் மறுபடி முதலிலிருந்து தொடங்கி டியூஷனுக்குக் காசு கட்டவும் வேண்டாம். பேப்பர் எழுதி வெளியே வரும்போதே எந்தப் பாடம் சறுக்கியது என்று பிள்ளைக்குத் தெரியும். அந்த ஒரு பாடத்தை நாளுக்கு ஒரு மணி நேரம் தொட்டுக்கொண்டிருந்தால் போதும். முதல் இரண்டு கிழமை அதுவும் வேண்டாம், தூங்கட்டும்.

பெறுபேறு வந்தபின் படிக்கவேண்டிய புத்தகம் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூல். இதைப் படிக்காமல், பலர் நண்பன் சொன்னதைக் கேட்டு விண்ணப்பத்தை நிரப்பிவிடுகிறார்கள். மொரட்டுவையின் கட்டடக்கலை போன்ற சில கற்கைநெறிகளுக்கு உளச்சார்புப் பரீட்சை உண்டு. அதற்கு அந்தப் பல்கலைக்கழகத்துக்கே தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இஸட் புள்ளி எவ்வளவு நன்றாக இருந்தாலும், அந்தத் திகதி தவறினால் அந்தத் துறை போய்விடும்.

இனி, இடம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மருத்துவம் கிடைத்த வீடுகளில் உடற்கூற்றியல் புத்தகம் வாங்குவார்கள், பொறியியல் கிடைத்த வீட்டில் சீனியரிடமிருந்து முதலாம் வருடக் குறிப்புகள் வரும். என் கருத்தில் இது வீண் வேலை. எதை ஆழமாகப் படிப்பது, எதைத் தாண்டிப் போவது என்பது விரிவுரையாளர் வாய்திறந்த பிறகுதான் தெரியும். தனியே மனனம் செய்த எலும்புப் பெயர்கள் விரிவுரை தொடங்குவதற்குள் பாதி மறந்தும் போகும்.

தமிழ்மொழிமூலம் படித்த பிள்ளையை முதல் தவணையில் வீழ்த்துவது பாடம் அல்ல, மொழி. மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம் எல்லாம் ஆங்கிலத்தில். உயர்தரத்தில் பொது ஆங்கிலம் இருக்கிறதுதான். ஆனால் அது இஸட் புள்ளிக்குச் சேராது, அதனால் அதை யாரும் கணக்கெடுப்பதில்லை. ஒரு காலத்தில் ஆணைக்குழுவே புதுமுக மாணவருக்கு நாடு முழுவதும் ஆங்கிலப் பயிற்சி நடத்தியது. 2011 இல் அரசாங்கம் அவர்களை இராணுவ முகாம்களுக்கு மூன்று வாரத் தலைமைத்துவப் பயிற்சிக்கு அனுப்பியது. அந்த மூன்று வாரத்தை ஆங்கிலத்துக்குக் கொடுத்திருக்கலாம்.

வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வழி ஒன்று இருக்கிறது, செலவும் இல்லை. பரீட்சைத் திணைக்களம் ஒரே வினாத்தாளை மூன்று மொழியிலும் அச்சிடுகிறது. நீங்கள் எழுதிய அதே பௌதிகவியல் பேப்பரின் ஆங்கிலப் பிரதியை எடுங்கள். முதலாவது பல்தேர்வு வினாவை வாசியுங்கள். விடை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், படத்தைப் பார்த்தாலே எந்த வினா என்று புரிந்துவிடும். எனவே மூளைக்கு மிச்சமிருக்கும் வேலை, அந்த வசனம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்ப்பது மட்டும்தான். நாளுக்கு ஐந்து வினா. இரண்டாம் மாதத்தில் கட்டமைப்பு வினாவுக்குப் போய், விடையை ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதுங்கள். இலக்கணப் பிழை வரும், வரட்டும். மஹரகம தேசிய கல்வி நிறுவகத்தின் உயிரியல் வளநூலையும் இதே மாதிரி தமிழ்ப் பிரதியோடு பக்கத்துப் பக்கம் வைத்து வாசிக்கலாம்.

அடுத்தது காது. யூடியூப்பில் ஏதாவதொரு விரிவுரையைப் பத்து நிமிடம் நிறுத்தாமல் ஓடவிட்டு, கையால் குறிப்பு எழுதுங்கள். ஆரம்பத்தில் தாளில் அரைகுறைச் சொற்கள்தான் இருக்கும். மண்டபத்தில் விரிவுரையாளரை நிறுத்தி மீண்டும் சொல்லச் சொல்ல முடியாது என்பதால், நீங்களும் பின்னோக்கி ஓட்டவேண்டாம்.

பாடத்தை முன்கூட்டியே படிப்பது வீண் என்றேன்; கணிதம் விதிவிலக்கு. 1996 இல் ஆய்வாளர் ஹாரிஸ் கூப்பரும் அவரோடு சேர்ந்தவர்களும் விடுமுறை பற்றிய 39 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அமெரிக்கப் பாடசாலைப் பிள்ளைகள் கோடையில் சராசரியாக ஒரு மாதப் படிப்பின் அளவு பின்தங்கினார்கள். வாசிப்பை விடக் கணக்குச் செய்வதிலும் எழுத்துக்கூட்டலிலும்தான் இழப்பு அதிகம். அது சின்னப் பிள்ளைகளைப் பற்றியது என்றாலும், கைப்பழக்கம் தேய்வது எந்த வயதிலும் ஒன்றுதான். இணைந்த கணிதம் செய்தவர் தொகையிடலை விட்டுவிடக்கூடாது. உயிரியல் பிரிவிலிருந்து விவசாய பீடத்துக்குப் போகிறவர் சாதாரண தரக் கணிதப் புத்தகத்தைத் தூசி தட்டட்டும், அங்கே புள்ளிவிபரவியல் காத்திருக்கிறது.

கலைப்பீடத்துக்குப் போகிறவருக்கு நான் சொல்வது இன்னும் சுருக்கம்: குறிப்புப் புத்தகம் அல்லாத, முழுப் புத்தகங்களை வாசியுங்கள்.

பெறுபேறு வந்த கிழமையிலிருந்து பேருந்து நிலையச் சுவரெல்லாம் டிப்ளோமா விளம்பரம் ஒட்டியிருக்கும். ஆறு மாதத்தில் சான்றிதழ், வேலை உத்தரவாதம். கட்டணம் கட்டுமுன் அந்த டிப்ளோமாவை யார் அங்கீகரிக்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் சுற்றிவளைத்து வந்தால் எழும்பி வந்துவிடலாம். அதைவிட, அயலில் சாதாரண தரம் எழுதப்போகும் நான்கைந்து பிள்ளைகளுக்குக் கணிதமோ விஞ்ஞானமோ சொல்லிக்கொடுப்பது மேல். கைச்செலவுக்குக் காசு வரும், படித்ததும் மறக்காது. வீட்டு நிலைமை இடங்கொடுக்காமல் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்திலோ கடையிலோ முழு நாள் வேலைக்குப் போகிற பிள்ளையிடம் மாலையில் ஆங்கிலப் பேப்பரை நீட்டாதீர்கள். ஞாயிறு பின்னேரம் ஒரு மணி நேரம் கிடைத்தால் அந்த ஐந்து வினாவைச் செய்யட்டும்.