பூட்டும் உங்கள் எடை, சாவியும் உங்கள் எடை: தென்னை ஏறும் கருவி எப்படிப் பிடிக்கிறது?

ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும் முன் ஒரு வெட்டு முடித்துவிட வேண்டும் என்று தோப்புக்காரர்கள் பரபரக்கிறார்கள். மரமேறி கிடைப்பதில்லை, கருவி வாங்கலாமா என்று கடிதங்கள் வருகின்றன. பாதிப் பேர் கேட்பது, நின்று ஏறும் கருவியா, உட்கார்ந்து ஏறும் கருவியா என்று. மீதிப் பேர், கருவியோடு காப்பீடும் சேர்ந்து வருமா என்கிறார்கள். வராது, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நின்று ஏறுவது கண்ணூர் மாவட்டத்துச் செம்பேரியில் அப்பச்சன் என்பவர் உருவாக்கிய மாதிரி. உட்கார்ந்து ஏறுவதில் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் வடிவம் இருக்கிறது. பழகியவருக்கு முதலாவதில் வேகம். புதியவருக்கு இரண்டாவதில் கால் நடுக்கம் குறைவு, ஆனால் மரத்துக்கு மரம் மாட்டிக் கழற்ற நேரமாகும். தேர்வு அவ்வளவுதான். இரண்டும் மரத்தைப் பிடிக்கும் விதம் ஒன்றே, கவலைப்பட வேண்டியதும் அதைப் பற்றித்தான்.

கருவியில் ஆணி இல்லை, பல் இல்லை, மரத்தில் ஒரு கீறலும் விழாது. மிதியில் கால் வைத்ததும் சட்டம் கீழே சாயப் பார்க்கிறது. சாயும்போது மரத்தின் பின்புறத்தைச் சுற்றிய கம்பிவடம் இறுகுகிறது. முன்புறம் சட்டம் மரத்தை அழுத்துகிறது. இந்த இரண்டு இடத்து உராய்வுதான் ஆளைத் தாங்குகிறது. எடை கூடினால் அழுத்தமும் அதே விகிதத்தில் கூடும். அதனால் 50 கிலோ ஆளுக்குப் பிடிக்கிற இடத்தில், கம்பி தாங்குகிற வரை, 80 கிலோ ஆளுக்கும் பிடிக்கும். காலைத் தூக்கினால் அந்தக் கம்பி வளையம் உடனே தளர்ந்து மேலே நகர்ந்துவிடும். கெட்டிக்கார யோசனை, ஒப்புக்கொள்கிறேன்.

இந்தக் கெட்டிக்காரத்தனத்தில்தான் ஆபத்தும் இருக்கிறது. அடிமரத்தில் கருவியை மாட்டி, ரெண்டு குதி குதித்துப் பார்த்து, "நல்லாப் புடிக்குது" என்று ஏறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். குதித்தால் அழுத்தமும் சேர்ந்தே கூடும், பிடிக்கத்தான் செய்யும். முப்பது அடிக்கு மேல் என்ன ஆகும் என்பதை அந்தக் குதி சொல்லாது. மேலே போகப் போக மரம் சிறுக்கிறது, வளையத்தின் நீளம் மாறுவதில்லை. மிச்சமாகும் கம்பிக்கு ஏற்பச் சட்டம் கூடுதலாகச் சாய்ந்து தொங்கும், மிதி முன்பக்கம் சரியும், பிடி பலவீனப்படும். எனவே அடியில் மாட்டும்போதே மிதியின் நுனி சற்று மேல்நோக்கி இருக்கும்படி வளையத்தைச் சுருக்குங்கள். ஏறும்போது மிதி மட்டத்துக்கு வந்து, அதையும் தாண்டிச் சரியத் தொடங்கினால் இறங்கிவந்து மறுபடி சுருக்குங்கள். ஈரமோ பாசியோ இருந்தால் இந்தக் கணக்கே செல்லாது.

இன்னொன்று. ஒவ்வொரு அடிக்கும் இரண்டு வளையங்களில் ஒன்று தளர்ந்தே ஆக வேண்டும். அந்த நொடியில் முழு உடலையும் தாங்குவது மற்றொன்றுதான். தலைசுற்றியோ தசை பிடித்தோ காலிலிருந்து எடை விலகினால் கருவி அதை 'மேலே நகர்கிறார்' என்றுதான் புரிந்துகொள்ளும். செம்பேரி கருவிக்கென்று தனியாக ஒரு பாதுகாப்பு இணைப்பைக் காசர்கோடு மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் பிறகு உருவாக்கியது. கருவியே பாதுகாப்பானதென்றால் அந்த இணைப்பு எதற்கு? துண்டறிக்கைகளில் 'பாதுகாப்பானது' என்று படித்தால் 'கால் வழுக்காது' என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 'விழமாட்டீர்கள்' என்று அதில் எழுதியிருக்கவில்லை.

ஆகவே பாதுகாப்புப் பட்டை தனி, அதைத் தனியாக வாங்குங்கள். இடுப்பில் மட்டும் கட்டும் பட்டை விழும்போது வயிற்றை அறுக்கும்; தோளையும் தொடையையும் சேர்த்துப் பிடிக்கும் முழுவுடல் பட்டை நல்லது. ஐ.எஸ். 3521 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பட்டையின் கயிற்றை மரத்தைச் சுற்றிச் சும்மா போட்டால், விழுகிறவரோடு அதுவும் வழுக்கிக்கொண்டு வரும். மரத்தை இன்னொரு சுற்று சுற்றி, இழுத்தால் இறுகும்படி போட வேண்டும். ஒவ்வொரு முறையும் அதை மேலே ஏற்றுவது எரிச்சலான வேலை. அதனால்தான் பலர் பட்டையைத் தோப்புக் கொட்டகையில் மாட்டிவைத்திருக்கிறார்கள்.

மற்ற கேள்விகள்:

காப்பீடு? தென்னை வளர்ச்சி வாரியத்தின் கேர சுரக்ஷா திட்டம் ஏறுகிற ஆளுக்கு, கருவிக்கு அல்ல. ஓராண்டுதான் செல்லும், புதுப்பிக்கும் தேதியைப் பாருங்கள்.

பயிற்சி? வாரியம் 2011இல் தொடங்கிய 'தென்னை மர நண்பர்கள்' பயிற்சி ஆறு நாள். கடைக்காரர் காட்டும் பத்து நிமிடத்தைப் பயிற்சி என்று எண்ணாதீர்கள்.

கம்பிவடம் எப்போது மாற்றுவது? பழந்துணியால் உருவிப் பாருங்கள், நூல் சிக்கினால் அன்றே.

சாய்ந்த மரம்? புதியவர் ஏற வேண்டாம்.

குட்டை ரகம்? தொரட்டி போதும்.

பனைக்கு? அடிமரம் பருமன், மேனி சொரசொரப்பு. தென்னைக்கு அளவெடுத்த வளையத்தை அதில் மாட்டாதீர்கள்.