துபாயா, தோஹாவா, இஸ்தான்புல்லா? ஜெர்மனிக்கு டிக்கெட் போடும் முன் இதைக் கவனிங்க!

சென்னையிலிருந்து ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகருக்குப் படிக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நேரடி விமானம் கிடையாது. மொபைலில் தேடினால் துபாய், தோஹா, இஸ்தான்புல் என வழிகள் வரிசை கட்டும். விலை குறைவாக இருப்பதைத் தட்டிவிடலாம்தான். ஆனா, மூன்றும் ஒரே மாதிரி ஹப் கிடையாது.

ஹப் என்றால் என்ன?

திருச்சிக்கு வந்து பஸ் மாறிப் போவோமே, அதே கதைதான். 100 ஊர்களுக்கு விமானம் இருக்கும் ஒரு ஹப்பில் புதிதாக ஓர் ஊரைச் சேர்த்தால், அந்த ஊருக்கு மற்ற 100 ஊர்களோடும் தொடர்பு கிடைத்துவிடும். இதற்காகவே விமானங்களைக் கூட்டமாக இறக்கி, ஓரிரு மணி நேரத்தில் கூட்டமாகக் கிளப்புகிறார்கள். வளைகுடா விமானங்கள் பல, சென்னையில் நம் தூக்கத்தைக் கெடுத்து அதிகாலையில் புறப்படுவது அங்கே அடுத்த விமானத்தைப் பிடிக்க வைப்பதற்காகத்தான்.

துபாய்க்கு 4, இஸ்தான்புல்லுக்கு 10-க்கு மேல்!

துபாயின் எமிரேட்ஸிடம் இருப்பவை எல்லாமே ஏ380, போயிங் 777 போன்ற பெரிய விமானங்கள். துபாயிலிருந்து லண்டனுக்கே சுமார் 7 மணி நேரம். அவ்வளவு தூரத்துக்கு 300 சீட்டுக்கு மேல் நிரப்பணும் என்றால் பெரிய நகரமாக இருந்தால்தான் கட்டுப்படியாகும்.

இஸ்தான்புல்லின் பலம் அது இருக்கும் இடம். ஐரோப்பாவின் பெரும்பகுதி 3, 4 மணி நேரத்துக்குள் வந்துவிடும். சுமார் 180 சீட் கொண்ட சின்ன விமானமே போதும். அதனால்தான் டர்கிஷ் ஏர்லைன்ஸ், ஸ்டுட்கார்ட், நியூரம்பெர்க் என ஜெர்மனியில் மட்டும் 10-க்கும் மேற்பட்ட நகரங்களுக்குப் பறக்கிறது. அங்கே துருக்கி வம்சாவளியினர் லட்சக்கணக்கில் வாழ்வதும் ஒரு காரணம்.

எமிரேட்ஸுக்கோ ஃபிராங்ஃபர்ட், மியூனிக், டுசல்டார்ஃப், ஹாம்பர்க் என 4 நகரங்கள்தான். பெர்லினுக்குப் பறக்க அது பல வருஷமாகக் கேட்டும், ஜெர்மனி நாலுக்கு மேல் அனுமதி தரவில்லை.

தோஹா கற்ற பாடம்

கத்தார் ஏர்வேஸிடம் பெரிய விமானம், சின்ன விமானம் இரண்டுமே உண்டு. பெர்லினும் அதன் பட்டியலில் இருக்கு. ஆனால் 2017 ஜூனில் சவுதி, ஐக்கிய அரபு அமீரகம், பஹ்ரைன், எகிப்து ஆகிய நாடுகள் கத்தாருக்கு வான்வழியை மூடின. ஒரே அடியில் 18 நகரங்கள் போயின. பல விமானங்கள் ஈரான் வழியாகச் சுற்றிப் போயின. 2021 ஜனவரியில்தான் தடை நீங்கியது. 2025 ஜூன் 23 இரவும், ஈரான் தாக்குதலால் கத்தார் வான்வெளி சில மணி நேரம் மூடப்பட்டு, விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டன.

அப்போ இஸ்தான்புல்தான் பெஸ்ட்டா?

இங்கேதான் சிக்கல். எமிரேட்ஸும் கத்தாரும் சென்னைக்கே வருகின்றன. டர்கிஷ் வருவதில்லை. எந்த நாட்டு விமானம், எந்த ஊருக்கு, வாரத்துக்கு எத்தனை முறை வரலாம் என்பதை இரு நாட்டு அரசுகளும் போடும் ஒப்பந்தம்தான் முடிவு செய்கிறது. டர்கிஷ் விமானங்கள் இந்தியாவில் டெல்லி, மும்பையில் மட்டும்தான் இறங்குகின்றன.

ஆக, சென்னை - மும்பை, மும்பை - இஸ்தான்புல், இஸ்தான்புல் - ஸ்டுட்கார்ட் என மூன்று விமானம். காசு மிச்சமாகுதே என்று மும்பை வரை தனி டிக்கெட் எடுப்பவர்கள் நிறைய. அந்த விமானம் லேட்டானால், அடுத்த டிக்கெட் போச்சு! தனித்தனி டிக்கெட் என்பதால் இரண்டு நிறுவனமும் பொறுப்பேற்காது. மும்பையில் பெட்டியை எடுத்து மறுபடியும் செக்-இன் செய்ய வேண்டியிருக்கும்.

முழுப் பயணமும் ஒரே பிஎன்ஆரில் இருந்தால் கதையே வேறு. இடையில் விமானம் தவறினாலும், அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது டிக்கெட் கொடுத்த நிறுவனத்தின் வேலை. பணம் கட்டும் முன் இதை மட்டும் பார்த்துடுங்க.

இன்னொரு வழியும் இருக்கு. துபாய் அல்லது தோஹா வழியாக ஃபிராங்ஃபர்ட் போய், விமான நிலையத்துக்குள்ளேயே இருக்கும் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரம் போல ஸ்டுட்கார்ட். சென்னை - ஃபிராங்ஃபர்ட் லுஃப்தான்சா நேரடி விமானத்தில் போனால் நடுவில் ஹப்பே வேண்டாம். கட்டணம் கூட இருக்கலாம், ஒப்பிட்டுப் பாருங்க.