மைக்கை எங்கே வைப்பார் வாட்சன்?

கென்யாவின் வெட்டவெளியில் செத்துக் கிடந்தது ஒரு வரிக்குதிரை. அதன் விலா எலும்புகளுக்குள் சின்னஞ்சிறு மைக்குகளைப் பதுக்கிவைத்தார் கிறிஸ் வாட்சன். பிணந்தின்னிக் கழுகுகள் இறங்கின. சதை கிழிவதும் சிறகடிப்பும் சீறலும் சண்டையுமாக, எல்லாம் நம் காதுக்குள்ளேயே நடக்கிறது. இந்த விருந்தில் நாம் வேடிக்கை பார்க்கிறவர்கள் அல்ல. இலையில் பரிமாறப்பட்ட பண்டம். 1998-ல் வந்த 'அவுட்சைட் தி சர்க்கிள் ஆஃப் ஃபயர்' ஆல்பத்தில் இதைக் கேட்கலாம்.

இதைப் பதிவு செய்தவர் அதற்கு இருபது வருடம் முன்பு இங்கிலாந்தின் மிக இரைச்சலான இசைக்குழு ஒன்றில் இருந்தவர். குழுவின் பெயர் கேபரே வால்டேர். பங்க் இசையின் புயல் ஓய்ந்த பின் எழுந்த அலையைத்தான் போஸ்ட்-பங்க் என்பார்கள். இவர்களையும் அந்தக் கணக்கில்தான் சேர்ப்பார்கள். இவர்களோ பங்க் பிறப்பதற்கு முன்பே, 1973-லேயே கடை விரித்தவர்கள். பெயர்ப்பலகைகளுக்கு அவ்வளவுதான் மதிப்பு!

வாட்சன் 1953-ல் பிறந்து வளர்ந்தது ஷெஃபீல்டில். சிறுவனாக இருந்தபோது பெற்றோர் ஒரு ஸ்பூல் டேப் ரெக்கார்டர் வாங்கிக் கொடுத்தார்கள். தோட்டத்தில் பறவைகளுக்கு இரை போடும் மேடையில் அதை ஓடவிட்டு வைத்துவிட்டு, சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான் பையன். பறவைகள் வந்து கொத்தின. பிறகு டேப்பைப் போட்டுக் கேட்டபோது அவனுக்குப் பிடிபட்டது இதுதான்: தான் அங்கே நின்றிருந்தால் இந்தச் சத்தம் எழுந்தே இருக்காது. மனிதன் போக முடியாத இடத்துக்கு மைக் போகும். அவருடைய மொத்தத் தொழிலும் அந்த ஜன்னலோரத்தில் தொடங்கியது என்றே நான் நினைக்கிறேன்.

டெலிபோன் இன்ஜினீயராக வேலை பார்த்த வாட்சனும் ரிச்சர்ட் கிர்க், ஸ்டீபன் மாலிண்டர் என்ற நண்பர்களும் வாட்சன் வீட்டுப் பரண் அறையில் கூடினார்கள். முறையாக இசை கற்றவர்கள் என்று யாரும் இல்லை. 1916-ல் சூரிச்சில் தாதா என்ற கலக இயக்கத்தின் கலைஞர்கள் நடத்திய கேளிக்கை விடுதியின் பெயரைத் தங்களுக்குச் சூட்டிக்கொண்டார்கள். வாத்தியம் இல்லாத குறையை டேப் தீர்த்தது.

டேப் லூப் என்பது தையற்காரர் வேலை மாதிரி. பதிவான நாடாவில் வேண்டிய துண்டை பிளேடால் சாய்வாக நறுக்கி, தலையையும் வாலையும் ஒட்டினால் வளையம். மெஷின் ஒரு விநாடிக்கு 19 சென்டிமீட்டர் ஓட்டுகிறது என்றால், இரண்டு விநாடி வளையத்துக்கு 38 சென்டிமீட்டர் நாடா வேண்டும். தாளம் என்பது இங்கே அளவுகோலால் அளக்கிற சமாச்சாரம். எதிரொலியும் அப்படித்தான். பதிவாகும் முனைக்கும் ஒலிக்கும் முனைக்கும் இடையில் உள்ள சில சென்டிமீட்டரைக் கடக்க நாடாவுக்கு ஆகும் நேரம்தான் எக்கோ. ஒலித்ததையே திரும்ப உள்ளே அனுப்பினால் குரல் குகைக்குள் போய்விடும்.

ஷெஃபீல்ட் எஃகு நகரம். 1975 மே மாதம் பல்கலைக்கழகத்தில் நடந்த முதல் கச்சேரியில் இவர்களுக்கு டிரம் வாசிப்பவர் இல்லை. நீராவிச் சுத்தியலின் ஓசையை வளையமாக்கித் தாளத்துக்குச் சுழலவிட்டார்கள். ஆட வந்த கூட்டம் கொதித்துப்போனது. கச்சேரி கைகலப்பில் முடிந்து, மாலிண்டர் ஆஸ்பத்திரிக்குப் போனார். 1978-ல் ரஃப் டிரேட் நிறுவனம் இவர்களின் இசைத்தட்டை வெளியிட்டது. அடுத்த ஆண்டு 'நாக் நாக் நாக்' பாடல் வந்தது. 1981-ல் 'ரெட் மெக்கா' ஆல்பம்.

பெயர் ஏறிக்கொண்டிருந்த அதே 1981-ல் வாட்சன் விலகினார். நியூகாசிலில் இருந்த டைன் டீஸ் தொலைக்காட்சியில் ஒலிப்பதிவாளர் வேலை! இடையில் ஹாஃப்லர் டிரியோ என்றொரு குழுவிலும் இருந்தார். பெயரில் மூவர், நிஜத்தில் இருவர். இட்டுக்கட்டிய விஞ்ஞானி ஒருவரையும் சேர்த்துக்கொண்ட குறும்பு அது. பிறகு பறவைப் பாதுகாப்புச் சங்கத்தின் படப்பிரிவு, பிபிசி, டேவிட் அட்டன்பரோவின் இயற்கைத் தொடர்கள். 'தி லைஃப் ஆஃப் பேர்ட்ஸ்' தொடரின் ஒலிக்கு பாஃப்டா விருது கிடைத்தது. வாட்சன் பெயரைக் கேள்விப்படாத நம் வீடுகளிலும் அவர் பிடித்த சத்தம் ஒலித்திருக்கக்கூடும்.

இரைச்சலை விட்டுவிட்டு இயற்கைக்குப் போய்விட்டார் என்று அவரைப் பற்றிச் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 2003-ன் 'வெதர் ரிப்போர்ட்' ஆல்பத்தைப் பாருங்கள். கென்யாவின் மசாய் மாரா புல்வெளியின் 14 மணி நேரம் 18 நிமிடமாகச் சுருங்குகிறது. ஸ்காட்லாந்து மலைப் பள்ளத்தாக்கு ஒன்றின் நான்கு மாதங்கள் இன்னொரு 18 நிமிடம். காட்டில் அப்படியொரு 18 நிமிடம் என்றைக்கும் இருந்ததில்லை. வெட்டி ஒட்டிய கை பரண் அறையின் கைதான். கத்திரி மட்டும் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது.

2011-ன் 'எல் ட்ரென் ஃபான்டாஸ்மா' இதை இன்னும் வெளிப்படையாகச் சொல்கிறது. பிபிசி படத்துக்காக மெக்சிகோவைக் குறுக்காகக் கடந்த ரயிலில் பதிவு செய்தவற்றைக் கொண்டு, பிற்பாடு உருவாக்கியது. தண்டவாளத்தின் தடதடப்பு மெல்லத் தாளமாகிறது. ஷெஃபீல்ட் சுத்தியல் எட்டிப் பார்க்கிறது. 1948-ல் ரயில் ஓசைகளை மட்டுமே வைத்து இசை படைத்த பிரெஞ்சு வானொலிக்காரர் பியர் ஷேஃபருக்கு இது காணிக்கை. ஷேஃபர் கையில் அன்று டேப் கிடையாது, இசைத்தட்டுகளில்தான் செய்தார். வாட்சனின் ஆல்பங்களில் ஒன்றே ஒன்று போதும் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன்.

'செர்னோபில்' தொடருக்காக, இசையமைப்பாளர் ஹில்டுர் குட்னடோட்டிருடன் லித்துவேனியாவின் இக்னலினா அணுமின் நிலையத்துக்குள் போய்ப் பதிவு செய்தவரும் இவரே.

புதிதாகக் கேட்பவர்கள் 'வெதர் ரிப்போர்ட்'டின் மூன்றாவது பகுதியில் தொடங்கலாம். ஐஸ்லாந்தின் வத்னயோகுட்ல் பனிப்பாறை முனகிக்கொண்டே கடலுக்குப் போகிறது. போன் ஸ்பீக்கரில் அந்த அடித்தொனி எட்டாது. ஹெட்போனை மாட்டிக்கொள்ளுங்கள்.