அரக்கோணத்தில் பறக்கப் பழகுகிறார்கள்

சென்னையில் யானைக்கவுனி மேம்பாலத்துக்குக் கீழே போகும் அரக்கோணம் மின்சார ரயிலில் பலமுறை ஏறியிருப்பீர்கள். அந்த அரக்கோணத்தில்தான் நம் கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி விமானதளம் இருக்கிறது. 1992-ல் தொடங்கப்பட்டது. கடற்படை, கடலோரக் காவல்படை விமானிகள் ஹெலிகாப்டர் ஓட்டப் பழகும் பள்ளி இதற்குள்தான்.

பழகுவது சேத்தக் ஹெலிகாப்டரில். இடது கை நெம்புகோல் ஏற்றி இறக்கும். வலது கைப்பிடி முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் சாய்க்கும். கால் மிதிகள் மூக்கைத் திருப்பும். ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டையும் உடனே சரிசெய்ய வேண்டும். அதனால் முன்னே பறப்பதைவிட அந்தரத்தில் அசையாமல் நிற்பதுதான் புதியவருக்குப் பெரும்பாடு. அம்மியில் அரைத்துக்கொண்டே தொட்டிலையும் ஆட்டுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்களேன்! பக்கத்து இருக்கையில் பயிற்சியாளர் இருப்பார். அவரிடமும் அதே கருவிகள் உண்டு. தேறிய பிறகுதான் தனியே பறக்க அனுமதி.

22 வாரப் பயிற்சி முடிந்ததும் சீருடையில் தங்கச் சிறகுச் சின்னம் குத்துவார்கள். 2024 ஜூனில் அதைப் பெற்ற சப் லெப்டினன்ட் அனாமிகா ராஜீவ்தான் இந்தியக் கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் விமானி.