சார்ஜ் ஏறாத லேப்டாப்: பேட்டரி வாங்கும் முன்...

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது, முத்துப்பேட்டை வட்டாரத்தில் மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. கிடைத்த ஜெனரேட்டரில் செல்போனுக்கு சார்ஜ் ஏற்றுவதே பெரும்பாடு. லேப்டாப் நினைவு யாருக்கு வரும்?

அப்படி நாள்கணக்கில் மூலையில் கிடந்த லேப்டாப்பை, கரண்ட் வந்ததும் அடாப்டரில் மாட்டினால் சில சமயம் எந்த அசைவும் இருக்காது. பேட்டரி போய்விட்டது என்று உடனே கடைக்குக் கிளம்ப வேண்டாம். லித்தியம் அயன் செல் முழு சார்ஜில் சுமார் 4.2 வோல்ட் இருக்கும். பயன்படுத்தாமல் வைத்தாலும் இது மெல்ல இறங்கும். ஓர் அளவுக்குக் கீழே போனால், பேட்டரிக்குள் உள்ள பாதுகாப்பு சர்க்யூட் இணைப்பைத் துண்டித்துவிடும். லேப்டாப்பை ஆன் செய்யாமல், அடாப்டரில் ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். பல பேட்டரிகள் மிகக் குறைந்த மின்னோட்டத்தில் மெதுவாக ஏறி, பிறகு வழக்கம்போல் சார்ஜ் ஆகும். மாதக்கணக்கில் அடியோடு இறங்கிக் கிடந்தவை எழாமலும் போகலாம். அவற்றுக்கு வெளியிலிருந்து நேரடியாக ஒயர் கொடுத்து உயிரூட்டப் பார்க்காதீர்கள், தீப்பிடிக்கும்.

அப்போதும் ஏறவில்லையா? கரண்ட் எங்கே நிற்கிறது என்று சுவரிலிருந்து தேடி வாருங்கள். அந்த பிளக் பாயிண்டில் டேபிள் லேம்ப் எரிகிறதா? அடுத்து, சுவரிலிருந்து வரும் ஒயர் அடாப்டர் பெட்டியில் செருகும் இடம். இது லூசாக இருப்பதுதான் அடிக்கடி நடக்கும். அழுத்திச் செருகினாலே போதும், காசு செலவில்லை!

நண்பரின் அடாப்டரை வாங்கிச் சோதிக்கலாம். ஆனால் ஸ்டிக்கரில் அவுட்புட் வோல்ட் உங்களுடையதோடு ஒத்திருக்க வேண்டும். ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். பின்னும் அதே வகையாக இருக்க வேண்டும். டைப்-சி லேப்டாப் என்றால் வாட் அளவைப் பாருங்கள். சாதாரண செல்போன் சார்ஜர் பெரும்பாலும் போதாது.

பேட்டரியைக் கழற்ற முடிகிற பழைய மாடலா? ஷட் டவுன் செய்து, அடாப்டரையும் எடுத்துவிட்டு, பேட்டரியைக் கழற்றுங்கள். பிறகு அடாப்டரை மட்டும் மாட்டி ஆன் செய்திடுங்கள். ஓடினால் அடாப்டரும் சாக்கெட்டும் சரி. சந்தேகம் பேட்டரி மேல் அல்லது உள்ளே இருக்கும் சார்ஜிங் சர்க்யூட் மேல். ஓடாமல், பின்னை அசைத்தால் மட்டும் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் சாக்கெட்டைக் கவனிக்க வேண்டும். அலையாத்திக் காட்டை ஒட்டிய ஊர்களில் உப்புக் காற்று உலோகத்தை அரிக்கும். ஊசி, குண்டூசி விட்டுச் சுரண்டாமல் சர்வீஸ் செய்பவரிடம் கொடுங்கள்.

சார்ஜ் 80 சதவீதத்தோடு நின்றால் அது பழுதாக இருக்க வேண்டியதில்லை. பேட்டரி நீடிக்க வேண்டும் என்று பல நிறுவனங்கள் தரும் செட்டிங் அது, வேண்டாமென்றால் மாற்றிக்கொள்ளலாம்.

பேட்டரி உப்பி, கீபோர்டோ டச்பேடோ மேலே தூக்கியிருந்தால் மேற்சொன்ன எந்தச் சோதனையும் செய்யாதீர்கள். அடாப்டரை எடுத்துவிட்டு, அழுத்தாமல், குத்தாமல், அப்படியே சர்வீஸ் சென்டருக்கு எடுத்துச் செல்லுங்கள்.