கெட்டுச்சா, கெடுத்தாங்களா?

இந்த எபிசோடுக்கு ஒரே ஒரு வினைச்சொல்தான்: 'கெடு'.

மூலனூர்ல இருந்து ஆரம்பிப்போம். திருப்பூர் மாவட்டத்தில், தாராபுரம் பக்கம் இருக்கிற ஊர். அங்கே ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் பருத்தி ஏலம் நடக்கும். ஏலத்துக்கு வந்த மூட்டை மழையில் நனைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். "பருத்தி கெட்டுப்போச்சுங்க" என்பார் விவசாயி. மூட்டையைத் திறந்தவெளியில் இறக்கியவர் மேல் கோபம் என்றால், "பருத்தியைக் கெடுத்துப்போட்டாங்க" என்பார். நஷ்டம் ஒன்றுதான். ஆனால் இரண்டாவது வாக்கியத்தில் ஒரு ஆள் உள்ளே வந்துவிட்டார்.

ஸ்கூல்ல தன்வினை, பிறவினைன்னு படிச்சோமே, அதுதான் இது. கெடுகிறது, கெடுக்கிறது: நடுவில் ஒரு 'க்' மட்டும்தான் வித்தியாசம். வான்சிறப்பு அதிகாரத்தில், 15ஆவது குறளில், வள்ளுவர் இரண்டையும் அடுத்தடுத்து வைக்கிறார். பெய்யாமல் கெடுப்பதும் மழை, அப்படிக் கெட்டவர்களைத் தூக்கிவிடுவதும் மழை என்கிறார்.

இப்போ நம்ம பேச்சுக்கு வருவோம். "நொய்யல் கெட்டுப்போச்சு"ன்னு சாதாரணமா சொல்றோம். பால் மாதிரி, பழம் மாதிரி, ஆறு வைத்த இடத்தில் தானாகக் கெடுமா? திருப்பூர் சாயப்பட்டறைகளின் கழிவு ஆற்றில் கலந்தது. கீழே ஒரத்துப்பாளையம் அணையில் போய்த் தேங்கியது. பாசனத்துக்காகக் கட்டிய அணையின் தண்ணீரே வயலைக் கெடுத்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. "கெட்டுப்போச்சு" என்று சுற்றிக்கொண்டிருந்த வாக்கியம் அப்போது "கெடுத்தாங்க" என்று மாறியது.

மூன்றாவதா ஒரு வடிவம் இருக்கு, இதுல கொஞ்சம் உஷாரா இருக்கணும்: 'கெடுத்துக்கிட்டான்'. "நைட் ஷிப்ட் பாத்து உடம்பைக் கெடுத்துக்கிட்டான்"னு பனியன் கம்பெனிப் பையனைப் பத்திச் சொல்றோம். இந்த வாக்கியத்தில் செய்தவனும் அவனே, அனுபவிப்பவனும் அவனே. ஷிப்ட் போட்டது யார், ஓவர்டைம் இல்லாமல் அந்தச் சம்பளத்தில் வாடகை கட்ட முடியுமா, இந்தக் கேள்விகளுக்கு அங்கே இடமே இல்லை.

அதனால, அடுத்த தடவை யாராவது "கெட்டுப்போச்சு"ன்னா, "யாரு கெடுத்தது?"ன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. சில நேரம் பதில் உண்மையிலேயே மழையாக இருக்கும். எல்லா நேரமும் இருக்காது.

அடுத்த எபிசோடில் இன்னொரு சொல்லோடு பார்ப்போம்.