தேக்காவில் தேக்கு இல்லை

தேக்கா என்றதும் தமிழ்க் காதுக்குத் தேக்கு மரம்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்தப் பெயர் ஹொக்கியனிலிருந்து வந்தது. 'தெக் கியா கா' என்றால் மூங்கிலின் அடி. ரோச்சோர் கால்வாயோரம் மூங்கில் வளர்ந்த காலத்துப் பெயர் அது.

நான்கு அதிகாரத்துவ மொழிகள் உலவும் சிங்கப்பூரில் இத்தகைய ஒற்றுமைகளை நான் அடிக்கடி கவனிப்பதுண்டு. ஏ, ஐ, ஆர் என்ற மூன்று எழுத்துகளை ஆங்கிலத்தில் படித்தால் காற்று. மலாயில் படித்தால் தண்ணீர். தெலுக் ஆயர் என்ற பெயரில் இருப்பதும் அந்த நீர்தான்.

மலாயில் 'தாலி' என்றால் கயிறு. நம் தாலியையும் கயிற்றில்தான் கோக்கிறோம் என்பதால் உடனே உறவு கொண்டாடத் தோன்றும். ஆனால், பிலிப்பீன்ஸின் தகாலோக் மொழியிலும் கட்டும் கயிறு 'தாலி'தான். தமிழுக்கு உறவில்லாத ஆஸ்திரோனேசியக் குடும்பத்தின் பழஞ்சொல் அது.

மாறாக, நீச்சல் குளத்துக்கு மலாயில் 'கோலம் ரெனாங்' என்று பெயர். இந்தக் 'கோலம்' வாசலில் போடுவதல்ல, நம் குளமேதான். கடை 'கெடாய்' ஆனதும் கப்பல் 'கப்பால்' ஆனதும் இப்படித்தான்.

"இது நம் சொல்லா?" என்று பிள்ளைகள் கேட்டால், ஒலியை மட்டும் வைத்துத் தலையாட்ட வேண்டாம். அச்சொல்லுக்கு வேறு மொழிகளில் உறவு உண்டா என்று சேர்ந்து தேடுவோம். தமிழ் உண்மையாகவே கொடுத்த சொற்கள் நிறைய இருக்கும்போது, இல்லாததையும் சேர்த்துப் பெருமைப்படுவானேன்?